நூறு பாகையில் முடிந்த வட்டம்

மேடையில் பேசிப் பழகியவர்கள் அமைதியைக் கண்டால் அஞ்சுவார்கள். ஓர் அவையில் ஒரு கணம் யாரும் வாய் திறக்கவில்லை என்றால், அந்த இடத்தை நிரப்புவது தம் பிறவிக் கடமை என்று எண்ணி எழுந்துவிடுவார்கள். விடை தெரிந்த கேள்விக்கு இரண்டு வரி பேசுவார்கள். தெரியாத கேள்விக்கு இருபது வரி பேசுவார்கள். நான் அந்தக் கூட்டத்தைச் சேர்ந்தவள். (சேர்ந்தவள் என்ன, தலைவி என்றே சொல்லலாம். தேர்தல் வைத்தாலும் எதிர்த்து நிற்க ஆள் கிடைக்காது.)

பள்ளி நாள்களிலேயே மயிலாப்பூரில் ஞாயிற்றுக்கிழமை தோறும் நடந்த பேச்சுப் பயிற்சி வகுப்புக்குப் போனவள் நான். மேடையில் ‘தெரியாது’ என்றும் ‘தவறு’ என்றும் எந்நாளும் சொல்லக் கூடாது என்பது அங்கே முதல் பாடம். அதை நான் கற்ற வேகத்தில் கணக்கைக் கற்றிருந்தால் இந்தக் கட்டுரைக்கே வேலை இருந்திருக்காது. கல்லூரிக்குள் நுழைந்தபோது மந்தைவெளியில் எங்கள் வீட்டு அலமாரி முழுக்கக் கேடயங்கள். அம்மா அவற்றை மொட்டை மாடிக்கு எடுத்துப்போய், வடகத் துணி காற்றில் பறக்காமல் இருக்க நான்கு மூலைகளிலும் வைப்பாள். நாவன்மைக்கு எங்கள் வீட்டில் கிடைத்த ஒரே நடைமுறைப் பயன் அதுவே.

கல்லூரியில் எனக்கு வாய்த்த தோழி ஸ்டெல்லா. பொருளியல் படித்தாள், குறைவாகப் பேசுவாள். பெசன்ட் நகர்க் கடலோரக் குப்பத்தில் வீடு. அவளுடைய அம்மா ஆரோக்கியமேரி, கடற்கரைக்குப் போகும் சாலையின் ஓரத்தில் அமர்ந்து மீன் விற்பவர். அவரோடு அங்கே அமர்ந்திருந்த பெண்கள் பலர். சிலர் மீன் விற்றார்கள், சிலர் கருவாடு விற்றார்கள், சிலர் வாங்கிய மீனைக் கழுவி வெட்டிக் கொடுத்தார்கள்.

சாலையை அகலப்படுத்த வேண்டும், இனி ஓரத்தில் யாரும் உட்காரக் கூடாது என்று ஒருநாள் மாநகராட்சியில் சொல்லிவிட்டார்கள். அதற்கு மாற்றாக, அருகில் இருந்த காலி மனையில் அந்தப் பெண்களுக்கென்று கூரை வேய்ந்த மேடை ஒன்றைக் கட்டினார்கள். அந்த மேடை வட்டமானது. நடுவில் ஒரு தூண். தூணிலிருந்து நாலாபுறமும் விரியும் தகரக் கூரை. மேலிருந்து பார்த்தால் விரித்த குடையைப் போல் தோன்றும் என்று வரைந்தவர் மகிழ்ந்திருப்பார். (மீன் வாங்க வருகிற எவரும் மேலிருந்து வருவதில்லை.) மேடை சாண் உயரம்தான், மீன் வண்டி ஏறுவதற்காக ஒரு பக்கம் சரிவும் வைத்திருந்தார்கள்.

வினை அந்தச் சரிவில் தொடங்கியது. மீன் வண்டி ஏறும் சரிவில் ஸ்கூட்டரும் ஏறும் அல்லவா? சனி, ஞாயிறு மாலைகளில் கடற்கரைக்கு வருகிறவர்கள் தங்கள் வாகனங்களை அடுக்குமாடி வீடுகளின் வாசலை மறித்து நிறுத்திவிடுகிறார்கள். எனவே மேடையில் பாதியை வாகன நிறுத்தத்துக்குத் தர வேண்டும் என்று குடியிருப்போர் சங்கம் கேட்டது. முழு மேடையும் எங்களுக்கு வேண்டும், அதற்காகத்தானே சாலையை விட்டு எழுந்தோம் என்று மீன்காரப் பெண்கள் கேட்டார்கள். மாநகராட்சிப் பொறியாளர் சமுதாயக் கூடத்தில் கூட்டம் வைத்து இரு தரப்பையும் கேட்டு, அன்றே முடிவு செய்வது என்று ஏற்பாடாயிற்று.

பெண்கள் ஸ்டெல்லாவைப் பேசச் சொன்னார்கள். ஸ்டெல்லா என்னிடம் வந்தாள்.

“மணி, எனக்கு நாலு பேரப் பாத்தாலே வாய் ஒட்டிக்கும். நீதான் பேசணும்” என்றாள். (என் பெயர் மணிமொழி. பெற்றோர் தெரிந்து வைத்தார்களா, வைத்ததால் இப்படி ஆனேனா என்பது தனி ஆராய்ச்சி.)

அவள் வெறுங்கையோடு வரவில்லை. பெண்கள் ஒவ்வொருவரிடமும் உட்கார்ந்து கேட்டு, யாருக்கு எவ்வளவு இடம் வேண்டும் என்று கணக்கிட்டு வந்திருந்தாள். மீன் விற்பவர்களுக்கு ஐம்பது விழுக்காடு, கருவாட்டுக்கு இருபது, வெட்டித் தருபவர்களுக்கு இருபது, ஐஸ் பெட்டிகளுக்குப் பத்து. கூட்டினால் நூறு. ஓர் அங்குலமும் மிஞ்சாது என்பதே அந்தக் கணக்கின் சாரம்.

“இத வட்டப் படமா போட்டுக் காட்டினா இன்ஜினியருக்கு உடனே புரியும். நானே போட்டுத் தரட்டா?”

“ஸ்டெல்லா, நீ எண்களைத் தந்துவிட்டாய். அவற்றுக்கு உயிர் கொடுப்பது என் பணி” என்றேன். (ஆம், நேரில் பேசும்போதும் அப்படித்தான் பேசுவேன். அதையும் மீறி எனக்குத் தோழிகள் இருந்தார்கள் என்பது வியப்பு.)

“உயிரெல்லாம் வேணாம் மணி. சரியா போடு, போதும்.”

கூட்டத்துக்கு முதல்நாள் மாலை, எங்கள் வீட்டுக் கூடத்தில் ஒரு பெரிய வெள்ளை சார்ட்டை விரித்தேன். அம்மாவின் தாம்பாளத்தைக் கவிழ்த்து அதைச் சுற்றி வட்டம் போட்டேன். துருப்பிடித்த என் பழைய ஜியோமெட்ரி பாக்ஸிலிருந்து கோணமானியை எடுத்தேன். பத்தாம் வகுப்புக்குப் பிறகு நாங்கள் ஒருவரை ஒருவர் சந்திப்பது அதுவே முதல் முறை. இரு தரப்பிலும் மகிழ்ச்சி இல்லை. மீனுக்கு ஐம்பது என்று இருந்தது. கோணமானியிலும் ஐம்பது என்று ஒரு கோடு இருந்தது. இரண்டையும் பொருத்தி நீல வண்ணம் தீட்டினேன். கருவாட்டுக்கு இருபது, பழுப்பு. வெட்டுபவர்களுக்கு இருபது, சிவப்பு. ஐஸ் பெட்டிக்குப் பத்து, பச்சை.

வேலை முடிந்தது என்று நிமிர்ந்து பார்த்தபோது, வட்டத்தின் பெரும்பகுதி இன்னும் வெள்ளையாகவே இருந்தது.

அறிவுடைய எவரும் அங்கே நின்று யோசித்திருப்பார்கள். எண்கள் தீர்ந்துவிட்டன, இடம் தீரவில்லையே என்று ஐயுற்றிருப்பார்கள். நான் சற்றுத் தள்ளி நின்று, தலையைச் சாய்த்துப் பார்த்தேன். சொற்பொழிவின் நடுவே விடப்படும் இடைநிறுத்தம் எத்தனை அழகோ, அத்தனை அழகாக எனக்கு அந்த வெள்ளை தெரிந்தது. மனநிறைவோடு சார்ட்டைச் சுருட்டி ரப்பர் பேண்டு போட்டேன்.

காலையில் அப்பா அதைப் பிரித்துப் பார்த்திருக்கிறார். வங்கியில் வேலை செய்கிறவர். எதையும் கூட்டிப் பார்த்தால்தான் அவருக்குக் காப்பி இறங்கும்.

“ஏம்மா, முக்கால் வட்டம் காலியா இருக்கே? ஏதாவது விட்டுப்போச்சா?”

நான் இட்லியைக் கீழே வைத்தேன். வெற்றிடத்துக்கும் வெறுமைக்கும் உள்ள வேறுபாட்டை விளக்கத் தொடங்கினேன். ஓவியத்தில் வெற்றிடம், இசையில் மௌனம், கோபுரத்துக்குப் பின்னால் வானம் என்று நான் மூன்றாவது எடுத்துக்காட்டுக்கு வந்தபோது அப்பா துண்டை எடுத்துக்கொண்டு குளிக்கப் போய்விட்டார்.

“அவகிட்ட எதுக்குக் கேள்வி கேக்கறீங்க? பதில் சொல்லிடுவா” என்றாள் அம்மா, அடுப்படியிலிருந்து.

சமுதாயக் கூடம் நிறைந்திருந்தது. ஒரு பக்கம் குடியிருப்போர் சங்கத்தார். மறுபக்கம் பெண்கள், கூடைகளை வாசலில் வைத்துவிட்டு, துவைத்த புடவையோடு. ஆரோக்கியமேரி முதல் வரிசையில் இருந்தார். மேடையில் பொறியாளர், அவருக்குப் பக்கத்தில் சங்கத்தின் செயலாளரான, பணி ஓய்வு பெற்ற பெரியவர்.

நான் சார்ட்டைப் பலகையில் மாட்டிவிட்டுப் பேசத் தொடங்கினேன். என் வாழ்நாளில் அவ்வளவு சிறப்பாக நான் பேசியதில்லை. விடியலில் கரையேறும் படகைச் சொன்னேன். வெயிலில் காயும் கைகளைச் சொன்னேன். ஒரு நகரம் தன் உணவைத் தருகிறவர்களை எங்கே உட்கார வைக்கிறது என்பதே அதன் பண்பாட்டின் அளவுகோல் என்றேன். ஆரோக்கியமேரி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். எனக்குப் பின்னால் நின்ற ஸ்டெல்லா என் துப்பட்டாவைப் பிடித்து இழுத்தாள். பாவம், உணர்ச்சிவசப்பட்டுவிட்டாள் என்று கருதி, குரலை இன்னும் உயர்த்தினேன். அவள் மறுபடி இழுத்தாள். நான் மறுபடி உயர்த்தினேன்.

பேசி முடித்ததும் பொறியாளர் கையைத் தூக்கினார்.

“நல்லா பேசினீங்க மேடம். ஒரே ஒரு டவுட்டு. கலர் அடிச்சது உங்க இடம். இந்த வெள்ளையா இருக்கிற ஏரியா என்னது?”

திரும்பிப் பார்த்தேன். அந்தப் படத்தை அவ்வளவு தூரத்திலிருந்து நான் பார்த்தது அப்போதுதான். நான்கு வண்ணங்களும் ஒரு மூலையில் நெருக்கியடித்துக்கொண்டு நின்றன, வாழைப்பழத் தோலை உரித்துக் கீழே போட்டதுபோல. மற்ற இடமெல்லாம் வெண்மை. எங்கேயோ பிழை நேர்ந்திருக்கிறது என்பது எனக்குப் புரிந்துவிட்டது. என்ன பிழை என்பது புரியவில்லை. கூடம் அமைதியாயிற்று. ‘தெரியாது’ என்ற சொல்லும் ‘தவறு’ என்ற சொல்லும் என் தொண்டைவரை வந்தன. பல்லாண்டுப் பயிற்சி இரண்டையும் கழுத்தைப் பிடித்து உள்ளே தள்ளியது.

“பொறியாளர் அவர்களே!” என்றேன். “அதை வெற்றிடம் என்று எண்ணிவிடாதீர்கள். அது இந்தத் தாய்மார்களின் உள்ளம்! தமக்கு வேண்டியதை மட்டும் வண்ணத்தில் காட்டிவிட்டு, எஞ்சியதை இந்த ஊருக்கே விட்டுக்கொடுக்கிறார்களே, அந்தப் பெருந்தன்மையின் நிறம் அது!”

கைதட்டல் எழுந்தது. நான் வென்ற எந்தப் போட்டியிலும் அப்படி ஓர் ஓசை கேட்டதில்லை. சங்கத்தார் எழுந்து நின்று தட்டினார்கள். அதைப் பார்த்துவிட்டு மீன்காரப் பெண்களும் தட்டினார்கள். ஆரோக்கியமேரியும் தட்டினார். நம் பிள்ளை நம்மைப் பற்றி ஏதோ உயர்வாகச் சொல்கிறது என்று அவர் எண்ணியிருப்பார். அந்தக் கைகளை என்னால் இன்றும் மறக்க முடியவில்லை.

செயலாளர் ஒலிபெருக்கியை வாங்கிக்கொண்டார். அவர் குரல் தழுதழுத்தது.

“நாங்க பாதி கேக்கலாம்னுதான் வந்தோம். இவா பாதிக்கு மேலயே கொடுத்துட்டா. இந்த மனசு யாருக்கு வரும், சொல்லுங்கோ!”

பொறியாளர் சார்ட்டைப் பலகையிலிருந்து கழற்றினார். “தெளிவா இருக்கு. மேடையும் ரவுண்டு, படமும் ரவுண்டு. இப்படியே கோடு போட்டுடலாம்” என்று சொல்லிச் சுருட்டிக்கொண்டார். என் ரப்பர் பேண்டையே போட்டுக்கொண்டார்.

வெளியே வந்ததும் ஸ்டெல்லா என்னைச் சுவரோரமாக நிறுத்தினாள். அவள் கத்தியிருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும்.

“முழு வட்டத்துக்கு எத்தினி டிகிரி, மணி?”

“முந்நூற்றறுபது.”

“நூறு சதவீதம்னா முழு வட்டம். அப்ப ஒரு சதவீதத்துக்கு மூணு புள்ளி ஆறு டிகிரி. அம்பத மூணு புள்ளி ஆறால பெருக்கினா நூத்தி எண்பது. பாதி வட்டம் மீனுக்கு வரணும். நீ அம்பது சதவீதத்துக்கு அம்பது டிகிரியே போட்டுக்கினு வந்துட்ட.”

நின்ற இடத்திலேயே மற்றவற்றையும் அவள் சொன்னாள். கருவாட்டுக்கு எழுபத்திரண்டு, வெட்டுபவர்களுக்கு எழுபத்திரண்டு, ஐஸ் பெட்டிக்கு முப்பத்தாறு. எல்லாம் சேர்ந்து வட்டம் முழுதாக மூடியிருக்கும். வெள்ளை என்று ஒன்று இருந்திருக்கவே இருக்காது. நானோ நூறு பாகையோடு கடையைக் கட்டிவிட்டு, மிச்சம் இருந்த இருநூற்றறுபது பாகைக்கும் பெருந்தன்மை என்று பெயர் வைத்துவிட்டேன்.

அதற்குள் ஆரோக்கியமேரி கூடையைத் தூக்கிக்கொண்டு வந்தார். முகம் மலர்ந்திருந்தது.

“இன்னாம்மா மணி, நீ பேச சொல்ல எனக்கு அழுகையே வந்துச்சு. ஆமா, எங்களுக்கு முழுசா குட்துட்டாங்களா?”

நான் ஸ்டெல்லாவைப் பார்த்தேன். ஸ்டெல்லா கடலைப் பார்த்தாள். ஸ்டெல்லாதான் சொன்னாள், மெதுவாக, அவள் அம்மாவின் காதோடு. அவர் முகத்திலிருந்த மலர்ச்சி ஒரே தடவையில் போய்விடவில்லை. கொஞ்சம் கொஞ்சமாகப் போயிற்று.

“நான் வேற கை தட்னனே” என்றார்.

மறுநாள் நானும் ஸ்டெல்லாவும் பொறியாளரின் அலுவலகத்துக்குப் போனோம். ஸ்டெல்லா திருத்திய படத்தை வரைந்து கொண்டுவந்திருந்தாள். வட்டம் முழுக்க வண்ணம். அவளையே பேச விட்டிருக்கலாம். விடவில்லை. நேற்று நேர்ந்தது கணிதப் பிழை என்றும், பெருந்தன்மைக்கும் பிழைப்புக்கும் உள்ள எல்லையை நாம் மறந்துவிடக் கூடாது என்றும், உரிமையை விட்டுக்கொடுப்பது பண்பு ஆகாது என்றும் மேசைக்கு முன்னால் நின்று முழங்கினேன்.

அவர் பொறுமையாகக் கேட்டார். இறுதியில் கண்ணாடியைக் கழற்றினார்.

“மேடம், நேத்திக்கும் இதே மாதிரி உருக்கமாத்தான் பேசினீங்க. எனக்கே கண்ணு கலங்கிடுச்சு. இன்னிக்கும் கலங்குது. இதுல எத நான் எடுத்துக்கிறது?”

அவர் கண்ணாடியைத் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டார்.

“தீர்மானம் போட்டாச்சு. எல்லாரும் கை தட்டினாங்க, அவங்களும்தான் தட்டினாங்க. நான் என்ன பண்ணட்டும், சொல்லுங்க?”

பட்டிமன்றத்தில் எந்த அணியில் நிறுத்தினாலும் என்னால் வெல்ல முடியும் என்று பெருமை பேசியிருக்கிறேன். அன்றைக்கு இரண்டு அணியிலும் நானே நின்று, முதல் நாளே வென்றுவிட்டிருந்தேன். அந்த வெற்றியை என்னாலேயே வீழ்த்த முடியவில்லை.

ஓரிரு வாரத்தில் மேடையில் மஞ்சள் கோடுகள் விழுந்தன. என் படத்தைப் பார்த்து, என் கோணங்களின்படியே போட்டார்கள். மிக நேர்த்தியான வேலை. கோணமானியை நான் பிசகாமல் பிடித்திருந்தேன் என்பதற்கு அந்தக் கோடுகளே சான்று. அவை எல்லாம் நடுத்தூணில் வந்து கூடுகின்றன. வட்டத்தை அப்படிக் கூறு போட்டால் ஒவ்வொரு கூறும் விளிம்பில் அகன்று, நடுவில் கூர்மையாகிவிடும். தாளில் அது பார்க்க அழகாக இருக்கும். அந்தக் கூர்மையில் ஒரு கூடையோடு ஒரு பெண் உட்கார வேண்டும் என்றால், தூணைக் கட்டிப்பிடித்துக்கொண்டுதான் உட்கார வேண்டும். விளிம்பு இடங்கள் யாருக்கு என்று பெண்கள் சீட்டுக் குலுக்கிப் போட்டார்கள். ஆரோக்கியமேரிக்குத் தூணடி விழுந்தது. இடம் கிடைக்காத சிலர் வெளியே வெயிலில் குடையை நட்டு அமர்ந்தார்கள். கூரையின் நிழலில் ஸ்கூட்டர்கள் வரிசையாக, குளிர்ச்சியாக நின்றன.

ஸ்டெல்லாவும் அவள் அம்மாவும் எத்தனையோ மனுக்கள் கொடுத்துப் பார்த்தார்கள். ஒவ்வொரு முறையும், “நீங்களே விட்டுக்குடுத்ததுதானேம்மா” என்று அன்பாகச் சொல்லித் திருப்பி அனுப்பினார்கள். திட்டி அனுப்பியிருந்தால் போராடியிருக்கலாம். பாராட்டி அனுப்புகிறவர்களிடம் என்ன செய்வது?

எங்கள் வீட்டில் இது வேறு வடிவம் எடுத்திருக்கிறது. அம்மா அல்வாவைத் துண்டு போடும்போதெல்லாம் அப்பா குரல் கொடுப்பார்: “மணிக்குப் பெரிசா வைக்காத, அவ ஊருக்கு விட்டுக்குடுத்துருவா.” உறவினர் வீட்டுத் திருமணத்தில் பந்தியில் இடம் இல்லாமல் போனால், “மணிய ரெண்டு வார்த்தை பேசச் சொல்லுங்க, முக்கால்வாசிப் பேர் எழுந்துருவாங்க” என்பார் சித்தப்பா. என்னைப் பெண் பார்க்க வந்தவர்களிடமும் இந்தக் கதை சொல்லப்பட்டது. அவர்கள் வயிறு குலுங்கச் சிரித்துவிட்டு, பிறகு தகவல் சொல்கிறோம் என்று போனார்கள். (தகவல் இன்னும் வரவில்லை. அவர்கள் வீட்டிலும் யாரோ கூட்டிப் பார்க்கிற ஆள் இருக்க வேண்டும்.)

நான் இப்போதும் மேடையேறுகிறேன். வட்டமான எதையும் பார்த்தால் பேச்சின் நடுவே ஒரு கணம் தடுமாறுகிறேன். கேட்கிறவர்கள் அதை அழகிய இடைநிறுத்தம் என்று நினைத்துக்கொள்கிறார்கள்.

ஞாயிற்றுக்கிழமைகளில் மீன் வாங்க அங்கேதான் போகிறேன். வேறெங்காவது வாங்கினால் அம்மா என் முகத்தைப் பார்க்க மாட்டாள். அந்த வாகன நிறுத்தத்துக்குப் பெயர்ப்பலகை எதுவும் இல்லை. ஆனால் அந்த வட்டாரத்து ஆட்டோக்காரர்கள் எல்லோரும் அதை ‘பேச்சு ஸ்டாண்டு’ என்றே சொல்கிறார்கள். எங்கிருந்து வந்த பெயர் என்று அவர்களில் பாதிப் பேருக்குத் தெரியாது. சென்ற வாரம் என் வண்டியை வெளியே சாலையோரத்தில் நிறுத்தப் போனேன். தூணடியிலிருந்து ஆரோக்கியமேரி பார்த்துவிட்டார்.

“அங்க இன்னாத்துக்கு வெயில்ல நிறுத்தற? உள்ளாற போடு மணி. நீ வாங்கிக் குட்த எடம்தான கீது.”

சுற்றியிருந்த பெண்கள் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். அதில் குத்தல் இருந்ததா என்று அவர் முகத்தில் தேடினேன். நான் அதைக் கண்டுபிடிக்கும்வரை முகத்தைக் காட்டிக்கொண்டிருக்க அவருக்கு நேரமில்லை, யாரோ வஞ்சிரம் என்ன விலை என்று கேட்டுக்கொண்டிருந்தார்கள். நான் சரிவில் வண்டியை ஏற்றி, கூரை நிழலில் நிறுத்தினேன். இரண்டு பக்கமும் தாராளமாக இடம் இருந்தது. பிறகு மஞ்சள் கோட்டைத் தாண்டி ஐம்பது பாகைக்குள் காலை வைத்தேன்.

“பாத்து வா, பாத்து வா” என்றார் ஆரோக்கியமேரி, தன் கூடையைத் தூணோடு நெருக்கி இழுத்துக்கொண்டே. “கால் வைக்க எடம் இல்ல.”